அகலமான பெட்டி

கோபுஸ் கிழவரும் அந்தச் சிறுவனும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது மொத்தம் மூன்று தடவை இருக்கலாம். ஆனால் நான்கு நாட்கள் இருவரும் சுவரின் இரு பக்கமும் இருந்து இருமிப் பேசிக்கொண்டார்கள்.

எங்கள் தெரு வீடுகள் எல்லாம் சுரங்கக் கம்பெனி கட்டியவை. இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல். ஒரு வீட்டில் உருளைக்கிழங்கு சீவினால் அடுத்த வீட்டில் கேட்கும். ஏழாம் எண்ணில் கோபுஸும் அவர் மகள் பெர்தாவும். எட்டில் ஹூப், அவன் மனைவி ஃபீன், 1943 ஜூனிலிருந்து இரண்டு பிள்ளைகள். நானும் என் மனைவி த்ரேஸும் எதிர்ச்சாரியில், பதினேழில். எனக்குச் சுரங்கத்தில் விளக்கறை வேலை. கீழே இறங்குகிறவனுக்கு விளக்கைக் கொடுத்து, ஏறி வருகிறவனிடம் வாங்கி வைக்க வேண்டும்.

பிள்ளைகள் ரோட்டர்டாமில் குண்டு விழுந்து வீடிழந்தவர்கள் என்று ஃபீன் சொன்னாள். நாங்களும் அதையே திருப்பிச் சொன்னோம். ரோட்டர்டாமில் குண்டு விழுந்து அப்போதே மூன்று வருஷம் ஆகியிருந்தது. பெரியவள் செல்மா, ஒன்பது வயது. சின்னவனுக்கு நான்கு. தெருவில் அவன் பெயர் ஜோஸ். பெற்றவர்கள் வைத்தது மெய்யர். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் ஒரு மாணவி இருவரையும் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு குவளை சிக்கரிக் காப்பி குடித்துவிட்டுப் போனாள். மஞ்சள் முடியுள்ள யூதப் பிள்ளைகளை வடக்கே பால்பண்ணைகளுக்கு அனுப்பினார்களாம். கறுப்பு முடி எங்களுக்கு. கரி வெட்டுகிற ஊரில் கறுப்பு தனியாகத் தெரியாது என்று நினைத்திருப்பார்கள்.

ஹூப்புக்கும் ஃபீனுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பிள்ளை இல்லை. அந்த ஜூனுக்குப் பிறகு ஹூப் ஷிப்டு முடிந்து குளிப்பறையில் முதுகு தேய்க்கக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடுவான். தன் ரொட்டியில் ஒரு துண்டைத் தின்னாமல் அப்படியே திரும்பக் கொண்டுவருவான். முயல் கொடுத்தனுப்பியது என்று சொல்லித்தான் சின்னவனுக்குக் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் வாங்க மாட்டான்.

"சுரங்கத்துல ஏது மாமா முயல்?"

"இருக்குடா. கறுப்பு முயல்."

1944 பிப்ரவரியில் தெருவில் தொண்டை அடைப்பான் வந்தது. மூன்று வீட்டில் வந்து போய்விட்டது. எட்டாம் எண்ணில் போகவில்லை. சுரங்கத்து டாக்டர் கூப்பிட்டதும் வந்தார், ஊசியும் போட்டார். ஆனால் ஃபீன் கூப்பிடுவதற்கே இரண்டு நாள் யோசித்துவிட்டாள். யார் வீட்டுக்கு டாக்டர் போகிறார் என்பதை எல்லோரும் பார்க்கிற காலம் அது.

புதன்கிழமை, ஒன்பதாம் தேதி. ஆலைப் புகை படிந்த பனி தெருவில் சாம்பல் நிறத்தில் கிடந்தது. எனக்கு ராத்திரி ஷிப்டு. பத்து மணி வாக்கில் சன்னலோரம் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த த்ரேஸ் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஃபீன் வீட்டுத் திரை இறங்கிடுச்சுங்க."

எங்கள் ஊரில் பகலில் முன்சன்னல் திரை இறங்கினால் அந்த வீட்டில் பிணம் இருக்கிறது என்று அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது. ஃபீன் யோசித்துச் செய்யவில்லை. பிள்ளையின் மூச்சு நின்றது, எழுந்தாள், கடிகாரத்தை நிறுத்தினாள், திரையை இறக்கினாள். தன் அம்மாவுக்கும் மாமியாருக்கும் அதையேதான் செய்திருந்தாள். கை தானாகப் போய்விட்டது.

த்ரேஸ் தெருவைக் கடப்பதற்குள் ஐந்தாம் எண் சிபில்லா ஜெபப்புத்தகத்தோடு எட்டாம் எண் வாசலில் நின்றாள். தெருவில் எந்தச் சாவுக்கும் முதலில் வருகிறவள் அவள்.

"யாரு ஃபீன்? ஹூப்பா? சுரங்கத்துலேர்ந்து ஆள் வந்துச்சா? வாயைத் தொறந்து சொல்லேன்டி."

ஃபீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். த்ரேஸ்தான் நடுவில் புகுந்தாள்.

"யாரும் இல்ல சிபில்லா. ஒத்தைத் தலைவலி இவளுக்கு. வெளிச்சம் பட்டா வாந்தி எடுக்கிறா. நான்தான் திரையை இறக்கச் சொன்னேன்."

"தலைவலிக்கு எவளாவது திரை இறக்குவாளா? ஒரு நிமிஷம் எனக்கு உசுரே போயிடுச்சு. நீயும் ஒரு கூறுகெட்டவ, சொல்லிக்குடுக்கிற பாரு."

"ஏத்திடறேன், ஏத்திடறேன். நீங்க போங்க, அடுப்புல என்ன வச்சிருக்கீங்களோ."

சிபில்லா போனபின் த்ரேஸ் திரையை ஏற்றினாள். மாடிப்படியில் செல்மா கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. அழவில்லை. "அத்தை, கடிகாரத்தையும் ஓட விட்டுடுங்க. யாராவது பார்த்தா கேப்பாங்க," என்றாளாம். ஒன்பது வயது.

டாக்டர் மதியம் வந்து பார்த்துவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் சமையலறையில் நின்றார்.

"நான் சாவுச் சீட்டு எழுதினா அது நகராட்சிக்குப் போகும். அங்க இப்ப உக்காந்திருக்கிறது ஜெர்மன்காரன் ஆளுன்னு உங்களுக்கே தெரியும். ரோட்டர்டாமுக்கு எழுதிக் கேப்பான். இப்படி ஒரு பையனே இல்லன்னு பதில் வரும். அப்புறம் இந்தப் பொண்ணைத் தேடி வருவாங்க. உங்களையும் சேத்து."

"அப்ப இவனை என்ன செய்றது டாக்டர்?" என்றாள் ஃபீன்.

"அது எனக்குத் தெரியலம்மா."

ஹூப் இரண்டரைக்கு வந்தான். அன்றைக்கென்று பார்த்துக் கண்ணிமையில் கரி மிச்சமில்லாமல் குளித்திருந்தான். மாடிக்குப் போய் இறங்கி வந்தவன், கொல்லையில் கடப்பாரையைத் தேடினான். அப்போதுதான் பெர்தா வேலிப் படல் வழியே வந்து நின்றாள்.

"அப்பா உன்னைக் கூப்பிடறார் ஹூப். இப்பவே வரணுமாம்."

நானும் கூடப் போனேன். கோபுஸுக்கு நெஞ்சு முழுக்கப் புழுதி. நாற்பத்தோரு வருஷம் கரி வெட்டியவர். படுத்தால் மூச்சு முட்டும் என்று நாற்காலி ஒன்றைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டு, அதில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். அப்படி உட்கார்ந்து எட்டு மாதம். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும். இருந்தும் வாய்க் கொழுப்பு குறையவில்லை.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்னுபோச்சே ஹூப்."

ஹூப் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் இருமினா அவன் இருமுவான். அவன் இருமினா நான். ராத்திரியில எனக்குத் துணையே அவன்தான். எங்க வைக்கப் போற?"

"கொல்லையில. இருட்டினதும்."

"நிலம் ஒரு முழத்துக்கு இறுகிக் கெடக்கு. கடப்பாரை போட்டா தெருவே எந்திரிக்கும். அதோட முயல் கூண்டுகிட்ட நாய் வரும். மடப்பய மாதிரி பேசாத." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "என்கூட வை."

"கோபுஸ் மாமா..."

"என்ன, ‘நீங்க நூறு வயசு இருப்பீங்க’ன்னு சொல்லப் போறியா? சொல்லு. சிரிப்பு வந்தா இருமல் வரும். இருமல் வந்தா சீக்கிரம் போயிடுவேன். உனக்கும் வேலை முடியும்."

பெர்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"டாக்டர் சனிக்கிழமை தாண்டாதுன்னு சொல்லிட்டார். இவ என்கிட்ட மறைக்கிறா, பாவம். ரெண்டு நாள் நிலவறையில வச்சிருங்க, குளிர் இருக்கு. நான் தாமதம் பண்ண மாட்டேன்."

அந்தப் பிள்ளையைத் தன் கல்யாணத்து விரிப்பில் சுற்றி, நிலவறையில் உருளைக்கிழங்குத் தட்டுக்கு மேல் பலகையில் கிடத்தினாள் ஃபீன். எலி வரும் என்று ஹூப் வேலைக்குப் போகிற நேரமெல்லாம் அவளே கீழே போய் உட்கார்ந்திருந்தாள். கையில் ஜெபமாலை. "இவன் ஆளுங்களுக்கு ஜெபமாலை ஆகுமா த்ரேஸ்?" என்று கேட்டாளாம். "எனக்கு வேற எதுவும் தெரியாதே."

வியாழக்கிழமை நடந்ததை எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது.

ஃபீன் எலும்பு சூப் வைத்தாள். கோபுஸுக்குக் கொண்டுபோனாள். பக்கத்து வீட்டு நோயாளிக்குச் சூப் கொடுப்பது எங்கள் தெருவில் எல்லோரும் செய்வது. அவளும் எட்டு மாதமாக வியாழக்கிழமை தவறாமல் செய்துவந்தாள். பெர்தா வாசலிலேயே மறித்தாள்.

"எதுக்குடி சூப்? அவர் இருக்கணும்னா, போகணும்னா?"

ஃபீன் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கிண்ணம் சாயவில்லை, அதை இறுக்கிப் பிடித்திருந்தாள். "எனக்குத் தெரியல பெர்தா. சத்தியமா தெரியல. கீழ போனா சீக்கிரம் ஆகட்டும்னு தோணுது. மேல வந்தா ஐயோ, நான் என்ன நெனச்சேன்னு இருக்கு."

உள்ளேயிருந்து கிழவர் குரல் வந்தது. "அவளை உள்ள விடு. என்னடி சண்டை சூப்புக்கு?"

ஃபீன் ஒரு கரண்டி எடுத்து நீட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"குடிங்க மாமா."

"வேணாம்."

"நான் உங்களைச் சாகச் சொல்லல. குடிங்க."

"நீ சொல்லலம்மா. நான்தான் சொல்லிக்கறேன். அந்தப் பொண்ணுக்குக் குடு போ, எலும்பும் தோலுமா திரியுது."

அதன்பிறகு அவர் எதுவும் சாப்பிடவில்லை. பெர்தா கெஞ்சினாள், திட்டினாள், ஆப்பிள் பாகைத் தொட்டு உதட்டில் தடவினாள். அவர் நக்கக்கூட இல்லை. ஃபீனோடு பெர்தா நான்கு நாள் பேசவில்லை. அதைக் குறை சொல்ல முடியுமா?

அந்த வியாழக்கிழமையே எட்டாம் எண்ணில் இன்னொன்றும் நடந்தது. செல்மா தன் கம்பளிச் சட்டையின் கழுத்தைக் கிழித்துக்கொண்டாள். இடதுபக்கம், விரல் நீளத்துக்கு. ஃபீன் அதை ஆணியில் மாட்டிக் கிழிந்தது என்று நினைத்தாள். நல்ல கம்பளி, மறுபடி கிடைக்காது. பிள்ளை தூங்கும்போது அந்த நிற நூலையே தேடி எடுத்து, தையல் தெரியாதபடி இழை இழையாக எடுத்துத் தைத்துவிட்டாள். தெருவில் அவளைப்போல் இழையோட்டித் தைக்க ஆள் கிடையாது. காலையில் சட்டையைப் போட்ட செல்மா கழுத்தைத் தடவிப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து சத்தமாகப் பேசியறியாத பெண் அப்போதுதான் முதல் தடவையாகக் கத்தினாள்.

"யாரு தைக்கச் சொன்னா? எங்க வீட்ல செத்தா கிழிச்சுக்கணும். அதைத் தைக்கக் கூடாது! தாத்தா செத்தப்ப அப்பா கிழிச்சுக்கிட்டார், அம்மா தைக்கல!"

ஃபீன் அவள் வாயைப் பொத்தினாள். சுவர் ஒற்றைச் செங்கல். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, ஒரு மணி நேரம் குனிந்து, தான் போட்ட தையலைத் தானே ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வெளியே தெரியாமல் இருக்க மேலே ஒரு சால்வையைக் கட்டிவிட்டாள். "குளிருன்னு சொல்லு," என்றாள்.

கோபுஸ் வெள்ளிக்கிழமை விடியும்போது போனார். இந்தத் தடவை திரை ஏழாம் எண்ணில் இறங்கியது. சிபில்லா ஜெபப்புத்தகத்தோடு வந்தாள்.

கம்பெனித் தச்சன் அளவெடுக்க வந்தபோது நான் இருந்தேன்.

"அகலமா போடுங்க," என்றாள் பெர்தா.

"எதுக்கு? ஆள் வெறும் எலும்பு. பலகை எங்க கெடைக்குது இந்தக் காலத்துல?"

"நாப்பத்தோரு வருஷம் ரெண்டடி உயரக் கரிப் பொந்துல குறுகிப் படுத்துக் கரி வெட்டினவர். எட்டு மாசமா நாற்காலியில சாஞ்சு கெடந்தவர். சாவுலயாவது கையைக் காலை விரிச்சுப் படுக்கட்டும். போடுவீங்களா மாட்டீங்களா?"

தச்சன் போட்டான்.

எங்கள் வழக்கப்படி மூன்று நாள் பெட்டி திறந்தே இருக்கும். சாயங்காலம் சாயங்காலம் தெரு முழுக்க வந்து ஜெபமாலை சொல்லும். ஆகையால் பிள்ளையை முன்கூட்டி வைக்க வழியில்லை. திங்கட்கிழமை காலை, ஏழரைக்கு மூடி முடுக்கத் தச்சன் வருவதற்கு முன், அந்த அரை மணிதான். ஹூப் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாகப் போனால் ஆயிரம் கண் பார்க்கும். ஃபீன்தான் வழி கண்டுபிடித்தாள்: திங்கட்கிழமை துவைக்கிற நாள். துணிக்கூடையோடு போகிற பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கூடையில் பிள்ளை, மேலே நனைத்த படுக்கை விரிப்பு. தானே தூக்கினாள். ஹூப்பை விடவில்லை.

ஒன்றை மறந்துவிட்டாள். நாங்கள் எல்லோரும்தான் மறந்தோம். பக்கத்து வீட்டில் அடக்கம் இருக்கிற அன்று இந்தத் தெருவில் யாரும் துணி துவைப்பதில்லை. திங்கட்கிழமையானாலும் சரி. அப்படிச் செய்தால் பிணத்தை அவமதித்ததாகக் கணக்கு.

படலைத் தாண்டும்போது சிபில்லா தன் கொல்லையிலிருந்து பார்த்துவிட்டாள்.

"ஏய் ஃபீன்! என்னடி அது கையில?"

ஃபீன் நின்றாள்.

"இன்னைக்குத் துவைக்கிறியா? பக்கத்துல பெட்டி தொறந்து கெடக்கு, நீ விரிப்பு அலசுறியா? எட்டு மாசம் சூப் குடுத்தது ஊருக்குக் காட்டவா? உன் மாமியா இருந்திருந்தா கூடையைப் புடுங்கி வீசியிருப்பா!"

"வேற நாள் தோதுப்படல சிபில்லா," என்றாள் ஃபீன்.

"தோதுப்படலியாம்! வெக்கமில்ல? வடக்கத்திப் பிள்ளைங்களை வச்சிருந்து வடக்கத்திப் புத்தியே வந்துடுச்சு உனக்கு."

"ஆமா சிபில்லா. தப்புதான்."

நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டாள். ஓடினால் சந்தேகம் வரும். கூடையின் கனம் கையை இழுக்க, சிபில்லா பேசி முடிக்கும்வரை தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். பிறகுதான் ஏழாம் எண் பின்கதவுக்குள் போனாள். ஹூப்பும் பெர்தாவும் பிள்ளையைக் கிழவரின் வலது பக்கம் வைத்தார்கள். பெர்தா அப்பாவின் கையை எடுத்து, விறைத்துப்போயிருந்தும் மெல்ல வளைத்து, அதன்மேல் போட்டாள். பிறகு கழுத்துவரை விரிப்பை இழுத்து மூடினாள். அப்போதுதான் ஃபீனிடம் மறுபடி பேசினாள்: "கால்மாட்டுல ஒரு தலையணை குடு. நகரக் கூடாது."

சவப்பெட்டியைத் தூக்குவது இந்தப் பக்கம் மூன்று வீடு, எதிர்ப்பக்கம் மூன்று வீடு. ஹூப்பும் நானும் அதில் உண்டு. எதிர்வீட்டு ஷெங் உண்டு. ஆறாவது ஆளைக் காலையில் திடீரென்று கூடுதல் ஷிப்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். கம்பெனி சார்பில் மாலை கொண்டுவந்திருந்த மேற்பார்வையாளர் ராமேக்கர்ஸ் கையுறையைக் கழற்றினார். கோட்டில் ஜெர்மன்காரர்களுக்கு ஒத்தூதுகிற கட்சியின் சின்னம் குத்தியிருந்த மனிதர். "நான் பிடிக்கிறேன்," என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

தூக்கியதுமே எனக்குத் தோளில் தெரிந்தது. பத்தடி போவதற்குள் ராமேக்கர்ஸ் முனகினார்.

"என்னய்யா, கிழவன் இந்தக் கனம் கனக்கிறான்? போன மாசம் பார்த்தப்ப விறகுக் குச்சி மாதிரி இருந்தானே."

ஹூப்பின் பிடரியில் வியர்வை. முன்னால் இருந்த ஷெங் திரும்பாமலே சொன்னான்:

"நாப்பத்தோரு வருஷத்துப் புழுதிங்க. உங்க கரியில பாதியை அவர் நெஞ்சுலதான் ஏத்தி வச்சிருக்கார். கனக்காம பின்ன?"

பின்னால் வந்த இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள், அடக்கம் என்றும் பாராமல். ராமேக்கர்ஸ் சிவந்துபோய் வாயை மூடிக்கொண்டார். ஷெங்குக்கு நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவன் தோளுக்கும் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கல்லறைத் தோட்டத்தில் தூறல். பங்குச் சாமியார் மந்திரித்து முடித்ததும் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். செல்மா ஃபீனின் கையைப் பிடித்து நின்றாள், கழுத்தில் சால்வை. அழவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நாங்கள் சொன்ன ஜெபத்தோடு அது சேரவில்லை. கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு ராமேக்கர்ஸ் அருகே வந்தார்.

"என்ன சொல்லுது இந்தப் பொண்ணு?"

த்ரேஸ் முந்திக்கொண்டாள். "வடக்கத்திப் பிள்ளைங்க ஐயா. புராட்டஸ்டன்ட் ஜெபம் ஏதோ. நாங்களும் எட்டு மாசமா அருள்நிறைந்த மரியே சொல்லித் தரோம், நாக்குல ஏற மாட்டேங்குது."

"ம்." அவர் செல்மாவையே பார்த்தார். "ரெண்டு பேர் இல்ல இருந்தீங்க? தம்பி ஒருத்தன் உண்டே. எங்க அவன்?"

குழிக்குள் ஒரு மண்வெட்டி மண் விழுகிற சத்தம் கேட்டது. ஃபீனின் முகம் சுண்ணாம்பு பூசியது போல் ஆனதை நான் பார்த்தேன். ஹூப் ஒரு அடி முன்னால் வைத்தான். என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியாது.

செல்மாதான் பதில் சொன்னாள். நிமிர்ந்து, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல:

"அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க ஐயா. போன புதன்கிழமை."

"உன்னை விட்டுட்டா?"

"எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

"உன்னை விட்டு அவன் ஏங்கலியா?"

"கொஞ்சம்," என்றாள். "அவன் சின்னப் பையன்."

அவர் தலையை ஆட்டினார். பையிலிருந்து ஒரு வில்லை இனிப்பு எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. யாரும் தேடி வரவில்லை. செல்மா அந்த இனிப்பைப் பிடித்துக்கொண்டே வீடுவரை வந்து, சமையலறைத் தரையில் வாந்தி எடுத்தாள். அன்று முழுக்க ஃபீன் அவளை மடியிலிருந்து இறக்கவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் கூடிக் குடிக்கிற காப்பிக்கும் போகவில்லை. அதையும் சிபில்லா சேர்த்துச் சொன்னாள்: துவைத்தாள், காப்பிக்கும் வரவில்லை.

செப்டம்பரில் அமெரிக்கர்கள் வந்தார்கள். எங்கள் பக்கம் போர் முடிந்தது. வடக்கே இன்னும் ஒரு குளிர்காலம் இருந்தது. அந்த வருஷம் முழுவதும் செல்மா எங்கள் ஊர்ப் பேச்சுப் பேசிக்கொண்டு, ஃபீனோடு கொல்லையில் கோஸ் வெட்டிக்கொண்டு, ஹூப்பின் ரொட்டித் தகரத்தைக் கழுவிக்கொண்டு இருந்தாள். ஃபீன் என்னை நான்கு கடிதம் எழுத வைத்தாள், ஆம்ஸ்டர்டாமுக்கு, தொலைந்தவர்களைத் தேடுகிற சங்கங்களுக்கு. நான்கிலும் பையன் இறந்ததை எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

1945 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை பிள்ளைகளைப் பெற்ற அம்மாள் டிராமிலிருந்து இறங்கி வந்தாள். இரண்டு வருஷம் ஏதோ ஒரு பண்ணை வீட்டுப் பரணில் ஒளிந்திருந்தவள். கணவன் போலந்துக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவில்லை. கடிதம் எதுவும் அவளிடம் சேரவில்லை. வாசலில் செல்மாவைக் கட்டிக்கொண்டவள், தோளுக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சின்னவன் தூங்கறானா?"

செல்மாவே சொன்னாள், எங்கள் ஊர்ப் பேச்சில். அம்மாவுக்கு அது புரியவில்லை. மறுபடி ஆம்ஸ்டர்டாம் பேச்சில் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று மாலை அந்த அம்மாள் சமையலறை மேசையில் ஃபீனுக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை நாள் காய்ச்சல். என்ன ஊசி. டாக்டர் எப்போது வந்தார். ஃபீன் இரண்டு நாள் தாமதித்ததையும் மறைக்கவில்லை.

"கடைசியில என்ன கேட்டான்?"

"தண்ணி. விழுங்க முடியல."

"என்னைக் கேட்டானா?"

ஃபீன் மேசை விரிப்பைத் தடவினாள். "உங்களைத்தான் கேட்டான். அம்மா, அம்மான்னுதான்."

அவன் "அத்தை" என்றுதான் கூப்பிட்டான் என்று ஃபீன் த்ரேஸிடம் முன்பே சொல்லியிருந்தாள். பெற்றவள் முகம் அவனுக்கு அந்த எட்டு மாதத்தில் மறந்துவிட்டிருந்தது.

பிள்ளையைத் தங்கள் ஆட்களின் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள் அந்த அம்மாள். சாமியார் சம்மதித்தார். பெர்தாவிடம் கேட்க நாங்கள் தயங்கியபோது அவளே சொன்னாள், "எடுத்துக்கட்டும். எங்கப்பா பத்திரமாத்தான் வச்சிருப்பார்."

அடுத்த செவ்வாய்க்கிழமை மாஸ்ட்ரிக்டிலிருந்து அந்த அம்மாளின் ஆட்கள், தொப்பி போட்ட இரண்டு பேர், ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார்கள். குழியை ஹூப்பும் ஷெங்கும் நானும் தோண்டினோம். பெண்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னோம். பலகை இன்னும் உளுத்துப்போகவில்லை. கல்யாணத்து விரிப்பின் ஓரத்தில் ஃபீன் கன்னிப்பெண்ணாக இருந்தபோது போட்ட பூத்தையல் அப்படியே இருந்தது. கிழவரின் கையைத் தூக்கத்தான் நேரம் ஆனது. அந்த இரண்டு பேரும் அவசரப்படுத்தவில்லை.

செல்மாவின் மூட்டை கட்டிக் கல்லறைத் தோட்ட வாசலில் இருந்தது. அவர்கள் போகிற வண்டியிலேயே தாயும் மகளும் போவதாக ஏற்பாடு. ஃபீன் வண்டிவரை கூடப் போனாள். வேலிக்கு அப்பால் அவர்கள் குரல் எனக்குக் கேட்டது.

"அத்தை, ரொட்டித் தகரத்துக்கு மூடி சரியா சேராது. அமுக்கி மூடணும்."

"தெரியும்டி."

"மாமாகிட்ட சொல்லுங்க."

"சொல்றேன். ஏறு. அம்மா காத்திருக்காங்க பாரு."

ஷெங் மண்ணைத் தள்ள ஆரம்பித்தான். ஹூப் அவன் மண்வெட்டியைப் பிடித்து நிறுத்தினான்.

"பொறு. அப்படியே மூடாத."

சுரங்கத்தில் கரியை எடுத்த இடத்தை வெறுமனே விட மாட்டார்கள். கல்லடுக்கி நிரப்ப வேண்டும். விட்டால் மேல்தளம் இறங்கும். மேலே உள்ள வீட்டுச் சுவர்கூட வெடிக்கும். அதை ஹூப்புக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது வருஷமாக அவன் செய்கிற வேலை அது. வேலியோரம் உடைந்து கிடந்த பழைய கல்லறைக் கற்களைக் காட்டினான். நான் எடுத்துக் கொடுத்தேன். குழிக்குள் முழங்காலிட்டு, கிழவரின் வலது பக்கம் காலியாகக் கிடந்த இடத்தில் ஒவ்வொன்றாக வைத்தான். தட்டையானது கீழே, முனை உள்ளது இடையில், சின்னது ஆப்பாக. ஆடுகிறதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான். ஆடினால் எடுத்துத் திருப்பி வைத்தான். தலையிலிருந்து கால்வரை ஒரு நான்கு வயதுப் பிள்ளையின் நீளம்தான். அதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டான்.

வண்டிச் சத்தம் தேய்ந்தபின் ஃபீன் திரும்பி வந்தாள். குழியின் ஓரத்தில் நின்று பார்த்தாள்.

"போயிட்டாங்க," என்றாள்.

ஹூப் நிமிரவில்லை. கையை மட்டும் மேலே நீட்டினான்.

"இன்னும் ஒண்ணு வேணும். சின்னதா."

அவள் குனிந்து கற்குவியலில் தேடி, இரண்டை எடுத்து ஒதுக்கிவிட்டு, மூன்றாவதை அவன் கையில் வைத்தாள்.